தூக்கிப் பிடித்தால் ஓடும், தரையில் வைத்தால் நிற்கும்: ஒரு பிஓ மோட்டார் வண்டியின் நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படும் வண்டி பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி காணக் கிடைக்கும் வகையைச் சேர்ந்தது. மருத்துவமனை வார்டில் மருந்துத் தட்டைச் சுமந்து செல்லும் உதவியாளராக அதை மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் உருவாக்கியிருந்தார்கள். அடியில் ஓர் அக்ரிலிக் தட்டு, பின்புறம் பிஓ எனப்படும், கியர் பெட்டியுடன் கூடிய மஞ்சள் நிறச் சிறு மோட்டார்கள் இரண்டு, அவற்றில் 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் சக்கரங்கள், முன்புறம் எப்பக்கமும் திரும்பும் ஒரு காஸ்டர் சக்கரம், நிரலின்படி கட்டளை கொடுக்கும் ஆர்டினோ யூனோ பலகை, அந்தக் கட்டளைப்படி மோட்டார்களுக்கு மின்சாரம் விடும் சிவப்பு நிற எல்298என் டிரைவர், கருப்புக் கோட்டைப் பின்பற்ற இரண்டு அகச்சிவப்பு உணரிகள், எதிரே வரும் தடையை அறிய ஒரு மீயொலி உணரி, இவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி. தட்டும் அதன் மேலுள்ள சுமையும் சேர்ந்து மொத்த எடை சுமார் 900 கிராம். கோட்டுப் பாதையின் நடுவில் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள ப்ளைவுட் பலகையால் ஆன ஒரு சாய்தளமும் இருந்தது. அதன் சாய்வு ஏறத்தாழ 10 பாகை.

புகார்கள் பல இருந்தன. வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்தால் இரண்டு சக்கரங்களும் நன்றாகச் சுழன்றன. தரையில் வைத்தால் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றது. பேட்டரியை மாற்றினால் சிறிது நேரம் ஓடியது, ஆனால் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கடைசியாக, வலப்பக்கச் சக்கரத்திலிருந்து ‘கடக் கடக்’ என்ற ஓசை எழுந்து, சக்கரம் பாதி சுற்று சுற்றித் தங்கத் தொடங்கியது. மாணவர்கள் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: மோட்டார் மட்டமானது, இதைவிட அதிக ஆர்.பி.எம். (நிமிடத்துக்கான சுற்றுகள்) உள்ள மோட்டாரை வாங்க வேண்டும். இந்த முடிவின் முதல் பாதியில் சிறிதளவு உண்மை உண்டு. இரண்டாம் பாதி முழுக்கத் தவறு.

மோட்டார் உண்மையில் என்ன தருகிறது

நம் ஊர்க் கடைகளில் பிஓ என்றும் வெளிநாட்டுக் கடைகளில் டிடி என்றும் விற்கப்படும் இந்த மோட்டார், பொம்மைக் கார்களில் இருக்கும் அதே 130 அளவுள்ள பிரஷ் மோட்டாரின் முன்னால் பிளாஸ்டிக் கியர் பெட்டி ஒன்றைப் பொருத்திய அமைப்பு. பரவலாகக் கிடைப்பது 1:48 விகிதம். அதாவது உள்ளே இருக்கும் மோட்டார் 48 சுற்றுகள் சுற்றும்போது வெளி அச்சு ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் குறைகிற அதே அளவுக்கு முறுக்குவிசை கூடுகிறது. ஒவ்வொரு பற்சக்கர அடுக்கிலும் உராய்வுக்குக் கொஞ்சம் போய்விடுவதால் முழுமையாக 48 மடங்கு கிடைப்பதில்லை.

இந்த வகை மோட்டாருக்கு அடாஃப்ரூட் நிறுவனம் தரும் அளவுகள் தெளிவானவை. 6 வோல்ட்டில், சுமை இல்லாமல், வெளி அச்சு நிமிடத்துக்கு 250 சுற்றுகள் சுற்றி 160 மில்லி ஆம்பியர் இழுக்கும். அச்சைப் பிடித்து நிறுத்திவிட்டால் அதே 6 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் இழுக்கும். 3 வோல்ட்டில் இந்த இரண்டு மின்னோட்டங்களும் முறையே 150 மில்லி ஆம்பியரும் 1.1 ஆம்பியரும் ஆகும். வேகம் 120 சுற்றுகளாகக் குறையும். கடையில் பெரிதாகச் சொல்லப்படும் எண் ஆர்.பி.எம். ஒன்றுதான், அதுவும் சுமை இல்லாத நிலைக்குரியது. ஆனால் வண்டி வடிவமைப்பவருக்கு அதைவிடப் பல மடங்கு பயன்படுவது ஸ்டால் மின்னோட்டம், அதாவது அச்சு நின்றிருக்கும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம். ஏனெனில் ஒவ்வொரு முறை வண்டி புறப்படும்போதும் அந்தக் கணத்தில் அச்சு சுழலாமல்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு புறப்பாட்டிலும் மோட்டார் சில மில்லி நொடிகளுக்கு ஸ்டால் மின்னோட்டத்தையே கேட்கிறது. இரண்டு மோட்டார் என்றால் 3 ஆம்பியர்.

தூக்கிப் பிடித்தபோது வண்டி ஒழுங்காக ஓடியதற்கும் இதுவே விளக்கம். சுமை இல்லாத சக்கரம் உடனே வேகம் எடுத்துவிடுவதால் அந்த உச்ச மின்னோட்டம் கண்மூடித் திறப்பதற்குள் தணிந்துவிடுகிறது. தரையில் 900 கிராமை நகர்த்த வேண்டியிருக்கும்போது அது தணியக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் வேறொன்று சரிந்துவிடுகிறது.

துள்ளி நிற்பதன் காரணம்

யூனோ பலகையில் ‘எல்’ என்று குறிக்கப்பட்ட சிறு விளக்கு ஒன்று உண்டு. பலகை புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள தொடக்க நிரல் அந்த விளக்கைச் சில முறை படபடவென மின்னச் செய்யும். வண்டியைத் தரையில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு துள்ளலுக்குப் பிறகும் அந்த விளக்கு அப்படி மின்னியது. மோட்டார் நின்றுபோகவில்லை, கட்டளை கொடுக்க வேண்டிய பலகையே அணைந்து, மீண்டும் எழுந்து, மோட்டாரை மறுபடி இயக்க முயன்று, மறுபடி அணைந்துகொண்டிருந்தது. சக்கரத்தை ஒரு நொடி மட்டும் விரலால் பிடித்து நிறுத்தி மல்டிமீட்டரை வைத்தபோது, 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4 வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. மல்டிமீட்டர் மெதுவான கருவி. கணப்பொழுதில் நிகழும் சரிவின் அடி ஆழத்தை அது காட்டாது. எனவே உண்மையான சரிவு இதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும்.

கணக்கும் அதையே சொல்கிறது. 6 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் என்பதிலிருந்து ஒரு மோட்டாரின் சுருள் தடை ஏறத்தாழ 4 ஓம் என்று கொள்ளலாம். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் 2 ஓம். சதுர பேட்டரியின் உள்தடையையும் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இது புதிய அல்கலைன் பேட்டரிக்குரிய தாராளமான மதிப்பீடு, மலிவான கார்பன் பேட்டரியில் இன்னும் அதிகம். எல்298என் டிரைவருக்குள் இருப்பவை பழைய வகை பைபோலார் டிரான்சிஸ்டர்கள். அதன் தரவுத்தாளின்படி 1 ஆம்பியர் ஓடும்போது மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டிலும் சேர்த்து 1.8 முதல் 3.2 வோல்ட் வரை அதிலேயே இழக்கப்படுகிறது. 2 வோல்ட் என்று கொண்டால், மீதமுள்ள 7 வோல்ட்டை 4 ஓமால் வகுக்க 1.75 ஆம்பியர் வருகிறது. பேட்டரியின் முனையில் அப்போது எஞ்சுவது 5.5 வோல்ட். டிரைவர் பலகையில் இருந்து யூனோவுக்கு மின்சாரம் தரும் 78எம்05 சீராக்கி 5 வோல்ட் தர வேண்டுமானால் அதற்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் போக வேண்டும். 5.5 போனால் 3.5 அளவில் வெளியே வரும். யூனோவின் நுண்கட்டுப்படுத்தி 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி பாதி தீர்ந்திருந்தால் அந்த எல்லையைத் தொட அதிக தூரம் இல்லை.

சதுர பேட்டரியை எடுத்துவிட்டு நான்கு பென்சில் செல் போடுங்கள் என்ற ஆலோசனை எல்லா இடங்களிலும் கிடைக்கும். மோட்டாருக்கு அது நல்லதுதான், பென்சில் செல்லின் உள்தடை மிகக் குறைவு. ஆனால் இணைப்பை மாற்றாமல் அதை மட்டும் செய்தால் யூனோவின் நிலை முன்னைவிட மோசமாகிறது. 6 வோல்ட்டில் தொடங்கி, புறப்படும்போது 5 வோல்ட்டுக்கு அருகே இறங்கும் ஒன்றை 78எம்05 சீராக்கிக்குக் கொடுத்தால், அதிலிருந்து 3 வோல்ட் வந்தாலே பெரிது. மோட்டாருக்கும் மூளைக்கும் ஒரே குழாயிலிருந்து தண்ணீர் பிடிப்பது போன்ற இந்த அமைப்பே முதல் கோளாறு; பேட்டரியின் வகை இரண்டாம் பட்சம்.

செய்த மாற்றம் இது. மின்கலத்துக்கு 18650 வகை லித்தியம் செல்கள் இரண்டு தொடராக, அதாவது 7.4 வோல்ட், பாதுகாப்புச் சுற்றுடன். யூனோவின் 5 வோல்ட் முனைக்குத் தனியாக ஒரு பக் மாற்றி, அதாவது மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்று. எல்298என் இருந்த இடத்தில் டிபி6612 டிரைவர். இந்தச் சில்லு மாஸ்ஃபெட்டால் ஆனது. மேல், கீழ் இரண்டும் சேர்ந்து 0.5 ஓம் தடைதான் என்பதால் 1 ஆம்பியரில் அரை வோல்ட் மட்டுமே அதில் வீணாகிறது. ஒரு வழிக்கு 1.2 ஆம்பியர் தொடர்ச்சியாகவும், மிகக் குறுகிய நேரத்துக்கு 3.2 ஆம்பியர் வரையும் அது தாங்கும். பிஓ மோட்டாரின் 1.5 ஆம்பியர் ஸ்டால் மின்னோட்டம் முதல் எல்லையைத் தாண்டுகிறது, இரண்டாவதைத் தாண்டவில்லை. ஆகவே புறப்பாட்டைச் சமாளிக்கலாம், சுவரில் முட்டி நிற்பதை நெடுநேரம் அனுமதிக்க முடியாது. 7.4 வோல்ட்டை அப்படியே 6 வோல்ட் மோட்டாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதால் பிடபிள்யூஎம் மதிப்பின் (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் தந்து சராசரியைக் குறைக்கும் அளவு) உச்சம் 255-க்குப் பதிலாக 200 என்று நிரலில் கட்டப்பட்டது; புறப்படும்போதும் அந்த 200-ஐ உடனே தராமல் கால் நொடிக்குள் படிப்படியாக ஏற்றும்படி எழுதப்பட்டது.

இந்த மாற்றத்துக்குப் பிறகு பலகை அணைவது முற்றிலும் நின்றது. மோட்டார்கள் அதே பழைய மோட்டார்கள்தான்.

இடப்பக்க இழுப்பு

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பிஓ மோட்டார்கள் ஒரே வேகத்தில் சுழல வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பொருத்தமற்றது. பிரஷ் அழுத்தம், பற்சக்கரங்களுக்கு இடையிலான தளர்வு, கிரீஸின் அளவு என்று ஒவ்வொன்றிலும் வேறுபாடு இருக்கும்; இந்த விலையில் அதைக் குறை சொல்ல முடியாது. வேகமான பக்கத்தின் பிடபிள்யூஎம் மதிப்பைச் சற்றுக் குறைத்துச் சமன் செய்வதுதான் வழக்கமான வைத்தியம். அது அந்த ஒரு வேகத்திலும் அந்த ஒரு பேட்டரி நிலையிலும் மட்டும் பலிக்கும். கோடு பின்பற்றும் வண்டியில் உணரிகளே திருத்திக்கொண்டு போவதால் இது பெரிய குறையாகத் தெரியாது. கோடு இல்லாத பகுதியில் நேராக ஓட வேண்டிய கட்டத்தில்தான் அம்பலமாகும்.

பிஓ மோட்டாரின் அச்சு இருபுறமும் நீண்டிருப்பது இங்கே கைகொடுக்கிறது. வெளிப்பக்கம் சக்கரம், உட்பக்கம் 20 துளைகள் உள்ள கருப்புத் தகடு, அதைக் கவ்வினாற்போல, துளைகள் கடப்பதை ஒளியால் எண்ணும் ஓர் ஒளித்தடை உணரி. 65 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 204 மில்லிமீட்டர் என்பதால் ஒரு துளைக்கு 10 மில்லிமீட்டர் நகர்வு. யூனோவில் வெளிக் குறுக்கீடுகளை, அதாவது உடனே கவனிக்க வேண்டிய துடிப்புகளை, ஏற்கும் முனைகள் 2, 3 ஆகிய இரண்டே. இரண்டு சக்கரங்களுக்கு அது கணக்காகப் போதும். துளைகளின் எண்ணிக்கை பின்தங்கும் பக்கத்துக்கு நிரல் சற்றுக் கூடுதலாகத் தருகிறது. எளிய ஏற்பாடுதான், ஆனால் இழுப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

பல் உடைந்த கியர்

மூன்றாவது கோளாறு உண்மையான சேதம். மோட்டாரைக் கவ்வியிருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டையை நெம்பிக் கழற்றி, திருகுகளை அகற்றி மஞ்சள் பெட்டியைப் பிளந்தபோது, வெளி அச்சைத் தாங்கும் கடைசி வெள்ளைப் பற்சக்கரத்தில் அடுத்தடுத்து இருந்த பற்கள் அடியோடு பெயர்ந்து, கிரீஸில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மற்றப் பற்சக்கரங்களில் ஒரு கீறல்கூட இல்லை. கடைசி அடுக்கில்தான் முறுக்குவிசை முழுவதும் குவிகிறது என்பதால் அங்கே உடைந்ததில் வியப்பில்லை. எதனால் அவ்வளவு விசை வந்தது என்பதே கேள்வி.

விடை மாணவர்களின் நிரலில் இருந்தது. மீயொலி உணரி தடையைக் கண்டதும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு அதே வரியில் பின்னோக்கிய கட்டளை தரப்பட்டிருந்தது. ஓடும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்கூட. 6 வோல்ட்டில் சீராக ஓடும்போது அதற்குள் சுமார் 5 வோல்ட் எதிர்மின்னழுத்தம் இருக்கும். சாதாரண ஓட்டத்தில் இது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் நல்ல காரியத்தைச் செய்கிறது. திசையைச் சட்டென்று மாற்றினால் அதே 5 வோல்ட் இப்போது பேட்டரியின் 6 வோல்ட்டோடு சேர்ந்துகொள்ள, 4 ஓம் சுருளில் 2.75 ஆம்பியர் பாய முற்படுகிறது. ஸ்டால் மின்னோட்டத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு, எனவே முறுக்குவிசையும் அதே அளவுக்கு. வண்டியின் 900 கிராம் எடை முன்னோக்கி உந்த, மோட்டார் பின்னோக்கி இழுக்க, இடையில் அகப்பட்டது அந்தப் பிளாஸ்டிக் பற்கள். கோளாறு வலப்பக்கத்தில் மட்டும் வந்ததற்கும் நிரலே சான்று: தடையைக் கண்டால் வண்டி எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பும்படி எழுதப்பட்டிருந்தது, அந்தத் திருப்பத்தில் பின்னோக்கிச் சுழன்றது வலச் சக்கரம்.

இதற்கு இரண்டு மருந்துகள். திசை மாற்றத்துக்கு முன் டிபி6612-இன் பிரேக் நிலையில் 200 மில்லி நொடி நிறுத்திவிட்டு, பிறகே பின்னோக்கி மெதுவாக ஏற்றுவது ஒன்று. கட்டளை கொடுத்தும் துளைத் தகட்டிலிருந்து 300 மில்லி நொடிக்கு எந்தத் துடிப்பும் வராவிட்டால் மோட்டாரை அணைத்துவிடுவது மற்றொன்று. இரண்டாவதை எல்லாப் பொழுதுபோக்கு வண்டிகளிலும் நான் வலியுறுத்துவேன். சுவரில் முட்டி நிற்கும் மோட்டாரில் 6 வோல்ட்டும் 1.5 ஆம்பியரும் சேர்ந்து 9 வாட். சுழற்சியே இல்லாததால் அதில் ஒரு துளியும் வேலையாக மாறுவதில்லை. முழுவதும் 30 கிராம் எடையுள்ள பொருளுக்குள் வெப்பமாகத் தங்குகிறது.

பெட்டியைப் பிளந்தபோது கண்ட இன்னொன்று: மோட்டாரின் செம்புக் காதுகளில் ஒன்று ஏறக்குறைய அறுந்து தொங்கியது. காகிதம் போல மெல்லிய அந்தக் காதுகள் வயரை நான்கு முறை வளைத்தாலே முறியக்கூடியவை. சால்டர் செய்தபின் வயரை மஞ்சள் பெட்டியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் கட்டிவிடுவதும், இரு காதுகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் மின்தேக்கியை வைத்து பிரஷ் இரைச்சலை அடக்குவதும் முதலிலேயே செய்திருக்க வேண்டியவை.

சாய்தளம்

மேற்கண்ட எல்லாம் சரியான பிறகும் சாய்தளத்தில் வண்டி திணறியது. மாணவர்கள் மறுபடியும் அதிக ஆர்.பி.எம். மோட்டாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒரே மோட்டாரில் ஆர்.பி.எம். கூடினால் கியர் விகிதம் குறைந்திருக்கிறது என்று பொருள். ஏறும் வலிமையும் அதே அளவுக்குக் குறைந்திருக்கும்.

10 பாகை ஏற்றத்தில் 900 கிராம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 156 கிராம் எடைக்குச் சமம். உருளல் உராய்வுக்கு எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 45 கிராம், சேர்த்தால் ஏறத்தாழ 200 கிராம். சக்கரத்தின் ஆரம் 3.25 சென்டிமீட்டர்; ஆக மொத்தம் 650 கிராம்-சென்டிமீட்டர், ஒரு மோட்டாருக்கு 325. பிஓ மோட்டாரின் ஸ்டால் முறுக்குவிசையாக விற்பனைப் பட்டியல்களில் பெரும்பாலும் காணப்படுவது 800 கிராம்-சென்டிமீட்டர். அதை 6 வோல்ட்டுக்கு உரியதாக எடுத்துக்கொண்டால் ஏற்றத்தில் மோட்டார் தன் உச்சத்தில் 40 விழுக்காட்டைத் தொடர்ந்து தர வேண்டியிருக்கிறது. பிரஷ் மோட்டார்களைத் தொடர் ஓட்டத்தில் ஸ்டால் அளவின் கால் பங்குக்குள் வைத்திருப்பது நல்ல பழக்கம். பழைய எல்298என் இருந்த காலத்தில், மோட்டாருக்கு 4 வோல்ட்தான் போய்ச் சேர்ந்திருந்தால், அதே ஏற்றம் 60 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும்.

மாற்று மோட்டார்கள் பரிசீலிக்கப்பட்டன. 1:120 விகித பிஓ மோட்டாரில் சுமையற்ற வேகம் நிமிடத்துக்கு 100 சுற்றுகள் அளவுக்கு இறங்கும்; ஏற்றம் எளிதாகும், ஆனால் கடைசி அடுக்கில் இருப்பவை அதே பிளாஸ்டிக் பற்கள் என்பதால், சுவரில் முட்டினால் முன்னைவிட விரைவில் உடையும். என்20 என்ற உலோக கியர் மோட்டார் 12-க்கு 10 மில்லிமீட்டர் முகப்பும் 3 மில்லிமீட்டர் டி வடிவ அச்சும் கொண்டது; பற்கள் வலுவானவை, ஆயினும் அதன் கியர் அடுக்கு மூடியின்றித் திறந்திருப்பதால் வகுப்பறைத் தரையின் தூசியும் முடியும் உள்ளே சுற்றிக்கொள்ளும், தவிர 900 கிராமை அந்த மெல்லிய அச்சின் மேல் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்த படியாக 12 வோல்ட் ஜான்சன் கியர் மோட்டார்கள் உண்டு. 6 மில்லிமீட்டர் அச்சு, உலோகப் பற்கள், இந்த வண்டியைப் போல் பல மடங்கை இழுக்கும். ஆனால் அவற்றைப் பொருத்த அக்ரிலிக் தட்டு, டிரைவர், பேட்டரி மூன்றையும் மாற்ற வேண்டும். அது வேறு வண்டி.

இறுதியில் மாற்றப்பட்டது சாய்தளம். 60 சென்டிமீட்டர் பலகைக்குப் பதிலாக 120 சென்டிமீட்டர் பலகை வைத்ததில், ஏறும் உயரம் அதே 10.5 சென்டிமீட்டராக இருக்க, சாய்வு 5 பாகையாகக் குறைந்தது. இழுவை 78 கிராம், உராய்வோடு 123. ஒரு மோட்டாருக்கு 200 கிராம்-சென்டிமீட்டர், அதாவது சரியாகக் கால் பங்கு. உடைந்த வலப்பக்கத்துக்கு மட்டும் புதிதாக ஒரு 1:48 பிஓ மோட்டார் வாங்கப்பட்டது, இடப்பக்கத்தில் பழையதே தொடர்ந்தது. இரண்டுக்கும் இடையிலான வேக வேறுபாட்டைத் துளைத் தகடுகள் பார்த்துக்கொண்டன.